ரேடியோ சலூனில் பாதித் தலை

ரேடியோ சலூனுக்கு முடி வெட்டப் போகிறவர்கள் இரண்டு காதையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது என்று தெருவில் சொல்வார்கள். சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர் வந்ததே அதனால்தான். மாலையில் ஷட்டரை இறக்கும்போது பேச்சு பாதி வாக்கியத்தில் நிற்கும். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாக்கியத்தின் மீதியிலிருந்து ஆரம்பிப்பார். கத்தரிக்கோலுக்கு வாய் இருந்திருந்தால் அதுவே, ‘அண்ணே, நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க, நான் வெட்டிக்கிறேன்’ என்று கெஞ்சியிருக்கும்.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை. பதினாறு வருஷமாக டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, சட்டையை விரித்து, காலர், கைமடிப்பு, பட்டன் மாட்டுகிற காஜா என்று கண்ணை ஓட்டுவாள். தையல் விட்டுப்போன இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைப்பாள். அதிகமாகப் பேசமாட்டாள். தெருவே அவளைச் செக்கரம்மா என்றுதான் கூப்பிட்டது. கொசு சட்டை போட்டுக்கொண்டு பறந்தாலும் எத்தனாவது பட்டன் லூஸ் என்று சொல்லிவிடுவாள். இரண்டு பேரும் முதன்முதலில் சந்தித்த அன்று ரேடியோ ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் அவள் வாயைத் திறந்து, “உங்க சட்டைல மூணாவது காஜா கோணலா இருக்கு” என்றாள்.

“அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இவகிட்ட ஒண்ணையும் மறைக்க முடியாதுன்னு” என்று ரேடியோ சலூனுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் குறைந்தது நாற்பது தடவை.

ஆனால் அவருக்கு வந்த கோளாறை முதலில் கண்டுபிடித்தவள் செக்கரம்மா இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முடி வெட்ட வருகிறவர். அன்று வெட்டி முடித்து, கழுத்துத் துணியை உதறிப் பவுடர் போட்ட பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, உங்க அழகைப் பார்த்து நீங்களே மயங்கிட்டீங்களா?” என்றார் ரேடியோ.

“ஏம்ப்பா, எனக்கு அரை டிக்கெட்தான் போட்டியா?” என்றார் கண்டக்டர்.

தலையின் வலது பாதி வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. இடது பாதியில் காதை மூடிக்கொண்டு முடி அப்படியே நின்றது. இரண்டாவது நாற்காலியில் வேறொருவருக்கு வெட்டிக்கொண்டிருந்த ஏணி விழுந்து விழுந்து சிரித்தான். ஏணி, செக்கரம்மாவின் தம்பி. அவன் உள்ளே நுழையும்போது சீலிங் ஃபேன் பயந்து தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவு உயரம்.

“மாமா, புது ஸ்டைலா?”

ரேடியோ கண்ணாடியைப் பார்த்தார். கண்டக்டரின் தலையைப் பார்த்தார். “நல்லாத்தானே வெட்டியிருக்கேன். எல்லாரும் என்ன சிரிக்கிறீங்க?” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது ஏணிக்குத்தான் முதலில் புரிந்தது. முதலில் சிரித்தவனும் அவன்தான், முதலில் நிறுத்தியவனும் அவன்தான்.

பத்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்கேன், ஆபரேஷன், சதைத் துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி வந்த பதில். மூளையின் வலது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுநோய். எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டோம், வேர் மாதிரி ஓடினதை எடுக்க முடியவில்லை, அதற்குத்தான் கதிர்வீச்சும் மாத்திரையும் என்றாள் டாக்டரம்மா. சின்ன உருவம், சன்னக் குரல். ஆனால் அவள் ஒரு வாக்கியம் சொன்னால் கேட்கிறவர்கள் உட்கார நாற்காலி தேட வேண்டியிருக்கும்.

“வலது பக்க மூளைதான் நம்ம இடது பக்கத்தைப் பார்த்துக்குது. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடதுன்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை மறந்துடுது. மறந்துட்டோம்னும் அவருக்குத் தெரியாது. கதிர்வீச்சு முடிஞ்சதும் பயிற்சி கொடுக்கணும். நீங்க எல்லாரும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுவரணும்.”

“கொண்டுவந்துடலாம் டாக்டரம்மா” என்றான் ஏணி. ஏதோ அடுத்த தெருவில் நிற்கிற ஆளைக் கூட்டி வருகிற மாதிரி.

ஆறு வாரம் கதிர்வீச்சு. தினம் காலையில் பஸ். வலது காதுக்கு மேலே குதிரை லாடம் மாதிரித் தழும்பு. அதைச் சுற்றி முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. ஊர் முடியையெல்லாம் கூட்டித் தள்ளியவர், தன் தலையணையிலிருந்து தன் முடியைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். “வெட்டாமலே விழுது. நம்ம தொழிலுக்கே அவமானம்” என்றார். சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார்.

வீட்டில் இருந்தது நான்கு பேர்: அவர், செக்கரம்மா, ஏணி, ஏழாம் வகுப்பு படிக்கிற பெண் பாப்பா. பாப்பாதான் எல்லோரையும்விடச் சீக்கிரம் பாடம் கற்றுக்கொண்டாள். அப்பாவுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தால் அவள் இல்லாத மாதிரி. கூப்பிட்டால் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று வலது பக்கம் தேடுவார். இரண்டே நாளில் வலது பக்கம் மாறிக்கொண்டாள். நடக்கும்போது வலது பக்கம், சாப்பிடும்போது வலது பக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் கண்டிப்பாக ஒன்று சொல்லி அனுப்பினாள். “தட்டுல பாதி சாப்பிட்டுட்டுப் போதும்னு நினைப்பார். அப்ப தட்டைத் திருப்பி வைக்காதீங்க. இன்னும் இருக்கு, தேடுங்கன்னு சொல்லுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே தேடணும். அதுதான் மருந்து.” ஒரு நோட்டும் கொடுத்தாள். தினமும் என்ன நடந்தது என்று எழுதி வரவேண்டும்.

முதல் நாள் தட்டில் சோறும் காயும் ஒரு அவித்த முட்டையும் வைத்தாள் செக்கரம்மா. முட்டை இடது ஓரம். ரேடியோ வலது பாதியை, கோடு கிழித்த மாதிரி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தலையைத் தூக்கினார்.

“இன்னைக்கு முட்டை இல்லையா?”

“இருக்கு. தேடுங்க.”

தேடினார். வலது பக்கம், தட்டுக்கு வெளியே, மேசைக்குக் கீழே, தம்ளருக்குப் பின்னால். இடதுக்கு மட்டும் வரவில்லை. பத்து நிமிஷம் ஆனது. பேசாமல் ஒரு வேலையும் செய்யாத மனிதர், வாயை மூடிக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். “பரவால்ல, விடு. இல்லாட்டி என்ன” என்றார்.

செக்கரம்மா தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பினாள்.

“அட, இந்தா வந்துருச்சே” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “எங்க போயிருந்த ராசா?” என்று முட்டையைக் கேட்டார்.

அன்று நோட்டில் அவள் எழுதினாள்: சாப்பாடு முழுவதும் சாப்பிட்டார். அது பொய் இல்லை. அடுத்த நாளும் திருப்பினாள். ஒரு வாரத்தில் அவள் கை தானாகவே திருப்பப் பழகிவிட்டது. பேசிக்கொண்டே, அவர் பாதி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக, அவருக்கே தெரியாமல்.

பிறகு வீடே திரும்பியது. ஏணி கட்டிலைத் தூக்கி மாற்றிப் போட்டான். அலமாரி, தண்ணீர்க் குடம், செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அவர் வருகிற வழியின் வலது பக்கத்துக்குப் போயின. இடது தோள் அடிக்கடி இடிக்கிற கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தினான். அந்த வீட்டுக்கு இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. பார்க்க வந்தவர்கள், “பரவால்லையே, ஒண்ணுமே தெரியலையே” என்றார்கள். ரேடியோவும் அதையே நம்பினார். பேச்சு திரும்பி வந்துவிட்டது. மாத்திரை டப்பாவோடுகூடப் பேசினார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். சவரக் கத்தியைத் திரும்பக் கையில் எடுக்க வேண்டும். கண்விழித்தால் அந்தப் பேச்சு, கண்மூடினால் அந்தப் பேச்சு.

“எப்ப கடைக்குப் போலாம் டாக்டரம்மா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா இரண்டு தாளை எடுத்து வைத்தாள். ஒன்றில் சின்னச் சின்னக் கோடுகள், தாள் முழுக்கச் சிதறி. எல்லாவற்றையும் பென்சிலால் அடிக்க வேண்டும். இன்னொன்றில் ஒரு கடிகாரம் வரைய வேண்டும். அவர் அன்று வலது பாதிக் கோடுகளை மட்டும் அடித்தார். கடிகாரத்தில் பன்னிரண்டு எண்ணையும் வலது பக்கமே நெருக்கி அடைத்தார், கூட்ட பஸ் மாதிரி.

“அடுத்த தடவை இதைச் சரியாச் செய்யுங்க. பார்க்கலாம்.”

“பரிச்சையா? நான் அஞ்சாங்கிளாஸ்லயே பரிச்சைக்குப் பயந்து ஜன்னல் வழியா ஓடினவன்.”

ஏணி அந்தத் தாளில் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெளியே வந்து ஐம்பது ஜெராக்ஸ் எடுத்தான். அவனும் ஆறாம் வகுப்புக்கு மேலே பள்ளிக்கூடத்தின் நிழலில்கூட ஒதுங்காதவன். ஆனால் அடுத்த பரீட்சைக்கு முந்தின மூன்று வாரம் அவன் நடத்திய டியூஷனை எந்த வாத்தியாரும் நடத்தியிருக்க மாட்டார். சலூன் ஷட்டரை மதியத்தில் பாதி இறக்கிவிட்டு மாமாவைப் பெஞ்சில் உட்கார வைப்பான்.

“மாமா, அடிச்சாச்சா? இப்ப தாளைத் தலைகீழாத் திருப்பு. மறுபடி அடி. திருப்பு. அவ்வளவுதான். கடிகாரத்துக்குத் தாளைத் திருப்பிக்கிட்டே எழுது. பன்னெண்டு, திருப்பு, ஒண்ணு, திருப்பு.”

“இது காப்பி அடிக்கிற மாதிரி இருக்குடா மச்சான்.”

“உன் தாள், உன் பென்சில், உன் கை. இதுல எங்க காப்பி?”

செக்கரம்மாவுக்குத் தெரியும். வேலை முடிந்து வரும்போது ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கணவர் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தாளைச் சுற்றிச் சுற்றி எண் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பல மாதம் ஆகியிருந்தது. அவள் நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள்.

டாக்டரம்மா இன்னொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் தாளைச் சுற்றிச் சுற்றி முடித்துவிட்டார்; பரீட்சையில் ரேடியோ நூற்றுக்கு நூறு. டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நல்ல முன்னேற்றம். முடி வெட்டுற மெஷின் மட்டும் பிடிக்கலாம், பக்கத்துல ஆள் வேணும். கத்தியைப் பத்தி அடுத்த மாச ஸ்கேனுக்கு அப்புறம் பேசலாம்” என்றாள். பிறகு செக்கரம்மா பக்கம் திரும்பி, “நடுவுல சின்ன வித்தியாசம் தெரிஞ்சாலும் அன்னைக்கே வாங்க. இந்த நோய் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது” என்றாள்.

வித்தியாசம் நான்காவது நாளே தெரிந்தது.

வேலை முடிந்து செக்கரம்மா அவரைச் சலூனிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தாள். பாப்பா வலது பக்கம். அவர் கண்டக்டரைக் கிண்டல் செய்து ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். செக்கரம்மா திரும்பிப் பார்த்தாள். பத்தடிக்குப் பின்னால் நடுத்தெருவில் அவருடைய இடது செருப்பு கிடந்தது. வெறுங்காலில் சரளைக் கல்லை மிதித்துக்கொண்டு போகிறார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. இதற்கு முன்பு அப்படி இல்லை. இடதை மறப்பார், ஆனால் குத்தினால் வலிக்கும்.

செருப்பை எடுத்து வந்து குனிந்து மாட்டிவிட்டாள். 

“என்னது?”

“ஒண்ணுமில்ல. வார் லூஸு.”

மறுநாள் மறுபடியும் விழுந்தது. அதற்கடுத்த நாள் சட்டைப் பட்டனை அவர் ஒரே கையால் போட்டார். இடது கை தொடை மேலே கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. அவள் பார்த்தாள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டையில் ஒரு நூல் பிசகைக் கண்டுபிடிக்கிற கண், பார்க்காமல் இருக்குமா. கம்பெனியிலிருந்து ஒரு துண்டு எலாஸ்டிக் கொண்டுவந்து, அந்த இடது செருப்பில், குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி, எட்டுத் தையல் போட்டுத் தைத்தாள். தைக்கும்போதே அவளுக்குத் தெரியும், தான் தைத்து மூடுவது செருப்பை இல்லை, டாக்டரம்மா சொன்ன வித்தியாசத்தை என்று. நோட்டில் எழுதினாள்: நன்றாக நடக்கிறார்.

ஏணியிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள். “டேய், மாமா கை கொஞ்சம் மந்தமா இருக்குற மாதிரி தெரியுதுடா.”

“மாத்திரை அசதிக்கா. இப்பதான் மனுஷன் சிரிக்கிறாரு. ஸ்கேன்தான் மூணு வாரத்துல இருக்கே. அதுக்குள்ள போய் ஏன் கிளப்பணும்?”

அவளும் அந்தப் பதிலைத்தான் காதால் கேட்க விரும்பினாள்.

ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செக்கரம்மா சலூனுக்கு டீ கொண்டுபோனாள். கடை நிறைய ஆள். முதல் நாற்காலியில் ஏணி உட்கார்ந்திருந்தான், முகம் முழுக்க நுரை, கால் இரண்டும் நாற்காலிக்கு வெளியே அடுத்த தெரு வரைக்கும் நீட்டிக்கொண்டு. ரேடியோவின் கையில் சவரக் கத்தி.

“டாக்டரம்மா வேணாம்னாங்கள்ல” என்றாள்.

“இவன் மூஞ்சிதானே. போனாலும் நஷ்டம் ஒண்ணுமில்ல” என்றார் ரேடியோ.

“சும்மா ஒரு ட்ரையல்க்கா” என்றான் ஏணி நுரைக்குள்ளிருந்து. “எனக்குப் பயமே இல்ல. எதுக்கும் என் போட்டோவைப் பெருசாக்கி வச்சுக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, “ரைட், ரைட், போலாம்” என்று குரல் கொடுத்தார். ரேடியோ கத்தியை வைத்தார். வலது கை மறக்கவே இல்லை. காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு, வெண்ணெயில் போகிற மாதிரி. பேச்சும் ஓடியது. இடது கை, பழக்கத்தில், ஏணியின் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தி இறங்கியது. மறுபடி இறங்கியது. வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

“ஐயோ, கன்னத்தைக் கிழிச்சுட்டான்” என்று யாரோ எழுந்தார்கள்.

ஏணி கையால் கன்னத்தைத் தடவினான். கன்னத்தில் காயமே இல்லை. நுரையில் ரத்தம் மேலேயிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோவின் இடது கட்டைவிரல் நகத்துக்குக் கீழே எலும்பு தெரியத் திறந்திருந்தது. அவர் அதே விரலால் கன்னத்தை இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்து ஒரு கதையின் கடைசி வரியைச் சொல்லி, தானே சிரித்தார். யாரும் சிரிக்காததைக் கண்டு, “என்ன, புரியலையா? மறுபடி சொல்லவா?” என்று கேட்டார்.

செக்கரம்மா டீ பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் வலது கையிலிருந்து கத்தியை வாங்கி மடித்தாள். பிறகு அவருடைய இடது கையைத் தூக்கி, அவர் முகத்துக்கு நேரே, வலது பக்கமாகக் கொண்டுவந்து காட்டினாள்.

“இது யாரு கை?” என்றார் ரேடியோ.

ஸ்கேன் மறுநாளே எடுத்தார்கள். படத்தைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. பழைய இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா மேசையில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. ரேடியோ நடுவில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

“இதுல எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு. திடீர்னு ஒரே நாள்ல கை இப்படி ஆகாதே. எப்ப ஆரம்பிச்சுது?”

ஏணி தரையைப் பார்த்தான். அவ்வளவு உயரத்திலிருந்து தரை அவனுக்கு ரொம்பத் தூரம்.

“இருபத்தோரு நாள் ஆச்சு” என்றாள் செக்கரம்மா. ஆரம்பித்த பிறகு அவள் நிறுத்தவில்லை. மேசையில் சட்டையை விரித்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “செருப்பு விழுந்துச்சு. எலாஸ்டிக் தச்சேன். அடுத்த நாள் பட்டன் ஒரு கையால போட்டாரு. அப்புறம் குளிக்கும்போது இடது கைக்குச் சோப்பே போடல. நான் போட்டுவிட்டேன். சாப்பாடு அவரா முழுசா சாப்பிட்டதில்ல டாக்டரம்மா. ஆரம்பத்துலேர்ந்தே நான்தான் தட்டைத் திருப்புனேன். கதவைக் கழட்டினோம். அந்தத் தாளும் அவரா தேடிக் கண்டுபிடிச்சு அடிக்கல. திருப்பித் திருப்பி அடிக்க என் தம்பி சொல்லிக்குடுத்தான்.”

டாக்டரம்மா பேனாவை மூடினாள். “சொல்லியிருக்கலாமேம்மா.”

“முன்னாடியே வந்திருந்தா?”

“சின்னதா இருந்திருக்கும். அதனால எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும்னு என்னால சொல்ல முடியாது. நிஜமாவே தெரியாது. இன்னொரு ஆபரேஷன் பண்ணலாம். கை திரும்புமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. காலம் கொஞ்சம் கிடைக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை.”

ரேடியோ செக்கரம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“முட்டை?” என்றார்.

“நான் திருப்புனேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு பயணம் நடந்ததில்லை. அந்த பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்குக்கூடத் தலையைத்தான் ஆட்டினார். செக்கரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினாறு வருஷத்தில் எத்தனை லட்சம் சட்டை. குறையுள்ள ஒன்றைக்கூடத் தெரிந்தே பாஸ் செய்ததில்லை. மேலாளர் கெஞ்சியும் செய்ததில்லை. இதைச் செய்துவிட்டாள்.

அன்று மதியம் தட்டை வைத்தாள். அவர் வலது பாதியைச் சாப்பிட்டார். அவள் கை தன்னால் நீண்டது.

“திருப்பாத” என்றார். பஸ் ஏறியதிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை. தேடினார். கிடைக்கவில்லை. பாதிச் சோற்றோடு கையைக் கழுவிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அவள் தட்டைத் தொடவில்லை. அவர் பாதி வயிற்றோடு எழுந்தார். பாப்பா ஒரு நாள் தாங்க முடியாமல், “அம்மா, நான் திருப்பட்டா?” என்று கண்ணால் கேட்டாள். செக்கரம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்டக்டர் பார்க்க வந்து, அரை மணி நேரம் அவரே பேசிப் பார்த்து, களைத்துப்போய், “இந்த மனுஷன் பேசலன்னா தெருவுல காத்தே அடிக்க மாட்டேங்குதும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. தலை முடியை எடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடுவார்கள் என்றான் ஏணி.

“என் தலைல வேற எவன் மெஷினும் ஏறக்கூடாது. நானே எடுத்துக்குவேன்” என்றார் ரேடியோ.

சலூன் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். அவரை அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்து ஏணி துணியைப் போர்த்தினான். எத்தனையோ ஆயிரம் பேருக்குப் பின்னால் நின்ற மனிதர் முதல் தடவையாக அந்த நாற்காலியில் முன்னால் உட்கார்ந்தார். “சீட்டு குத்துது. இத்தனை வருஷமா ஒருத்தனும் சொல்லலையே” என்றார். ஏணி சிரிப்பதா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்தான்.

மெஷின் ரீங்காரம் போட்டது. வலது கையில் பிடித்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். தழும்பைச் சுற்றி மெதுவாக, ஒரு முடி விடாமல். தழும்பு மேலே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாதித் தலை முடிந்தது. நடு உச்சியில், கோடு போட்ட மாதிரி, மெஷின் நின்றது. மெஷினை அணைத்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

“முடிஞ்சுது. துணியை எடுரா மச்சான்.”

கண்ணாடியில் வலது பக்கம் மொட்டை. இடது பக்கம் முடி காதை மூடிக்கொண்டு கிடந்தது. ஏணியின் கை நாற்காலியின் முதுகுக்குப் போனது. சுழலும் நாற்காலி; ஒரு தள்ளு தள்ளினால் மீதியை அவனே எடுத்துவிடலாம்.

“தொடாத” என்றாள் செக்கரம்மா.

“அக்கா—”

“தொடாதடா.” அவள் கணவரின் வலது பக்கம் வந்து நின்று கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தாள். “முடியல. இன்னும் பாதி இருக்கு.”

“விளையாடாத.”

“நான் உங்ககிட்ட எப்ப விளையாடியிருக்கேன்? பாதி இருக்கு. இடது பக்கம். தேடுங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். தெரியவில்லை. அவர் முகத்திலேயே தெரிந்தது, அங்கே அவருக்கு ஒன்றுமே இல்லை என்று. மேசையில் சீப்பு, பவுடர் டப்பா, தண்ணீர் அடிக்கிற பாட்டில். பாப்பா பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது. செக்கரம்மா நகரவில்லை.

“நீ இப்ப பொய் சொல்லலைல்ல?” என்றார்.

“இல்ல.”

அவர் வலது கையைத் தூக்கினார். மொட்டைப் பக்கத்திலிருந்து விரலை நகர்த்தினார். தழும்பு. நடு உச்சி. அதற்கு மேல் போகாமல் விரல் நின்றது. அவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையை அசைக்கவில்லை. விரலை இன்னும் ஒரு அங்குலம் தள்ளினார். முடி.

கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். விரல் முடிக்குள் போய்க் காது வரைக்கும் இறங்கியது. அங்கே ஒரு காது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“கண்டக்டரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரு, இல்ல?” என்றார்.

“ஆமா மாமா” என்றான் ஏணி. அவன் குரல் அவன் உயரத்துக்குப் பொருத்தமாக இல்லை.

மெஷினைப் போட்டார். விரல் இருந்த இடத்தை நினைவு வைத்துக்கொண்டு அங்கே கொண்டுபோனார். ஒரு வரிசை போனது. இரண்டாவது கோணலாகப் போய் நெற்றியில் முடிந்தது. மூன்றாவதில் மெஷின் மறுபடியும் வலது பக்கம் வந்து, ஏற்கெனவே மொட்டையாக இருந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கே அது புரிந்தது. மெஷினை அணைத்தார். நெற்றியில் வியர்வை.

“இதுக்கு மேல எனக்குத் தெரியல” என்றார். மெஷினைச் செக்கரம்மாவிடம் நீட்டினார். ஏணியிடம் இல்லை. “மீதியை நீ எடு. ஒரு முடி விட்டாலும் சொல்லிடு.”

அவள் அதற்கு முன்னால் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை. வாங்கிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போய் நின்றாள். அங்கே அவள் போனதும் அவருக்கு அவள் காணாமல் போய்விட்டாள். கண்ணாடியில் தேடினார்.

“எங்க இருக்க?”

“இங்கதான்” என்று சொல்லி, அவர் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு மெஷினை வைத்தாள்.